நன்றியுரை சொல்லப்படாத ஊர்வலம்

சங்கு மில்லின் சங்கு ஊதாமல் போன இருபத்தாறாவது ஆண்டில், ஆவணி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை, அந்தக் காலத்தில் காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் கிளம்புகிற அதே நேரத்துக்கு, பூவாத்தாளின் உடம்பில் கால் நூற்றாண்டாக அசையாமல் உட்கார்ந்திருந்த வெண்புள்ளிகள் எழுந்து வரிசை கட்டி ஊர்வலம் கிளம்பின. முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு நஞ்சம்மாள். பொதுக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், பூவாத்தாளின் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் இருந்த வெள்ளை கழுத்துக்கு இறங்கியிருப்பதையும், முழங்கைப் புள்ளிகள் இரண்டும் தோளைச் சுற்றி வந்து அதனோடு சேர்ந்துகொண்டதையும், அவை விட்டு வந்த இடங்களில் பழைய கருப்பு திரும்பியிருப்பதையும் பார்த்தாள்.

"அக்கா, எல்லாரும் எங்கயோ பொறப்பட்டுட்டாங்க போல இருக்குது" என்றாள்.

பூவாத்தாள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நேத்தே ஒரு குறுகுறுப்பு இருந்துச்சு புள்ள. குடத்த எடு, தண்ணி வழியுது" என்றாள்.

சங்கு மில் என்பது பதிவுப் பெயர் அல்ல. பதிவுப் பெயரில் முதலாளியின் தாயார் இருந்தார். அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. மூன்று ஷிஃப்டுக்கும் சங்கு ஊதி வட்டாரத்தையே எழுப்பிப் படுக்க வைத்ததால் சங்கு மில். அதை மூடி, இயந்திரங்களைப் பழைய இரும்பாக ஏற்றிக்கொண்டு போய், பஞ்சுக் கிடங்கு இருந்த இடத்தில் நீச்சல் குளத்தோடு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கடைசி வேலைநிறுத்தத்தை நடத்திய தலைவர்களில் ஒருவர் அந்த அடுக்குமாடியிலேயே வீடு வாங்கினார். ரீலிங் பிரிவில் சிட்டம் சிட்டமாக நூல் சுற்றிய பூவாத்தாளும் நஞ்சம்மாளும் அதே அடுக்குமாடியில் படிக்கட்டு கூட்டினார்கள். தொழிலாளிகளுக்கு மில் கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் மட்டும், ஒரு வழக்கு இன்னும் முடியாததால், ஓட்டுக்கூரையோடு மூன்று வரிசையாக அப்படியே நின்றன.

ஊர்வலம் என்றால் என்னவென்று அந்த லைனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. போனஸுக்கு நடந்தவர்கள், பஞ்சப்படிக்கு நடந்தவர்கள், கேண்டீன் சாம்பாரில் பல்லி கிடந்ததற்காக மழையில் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடந்தவர்கள். அதனால் ஒரு பெண்ணின் உடம்பில் வெண்புள்ளிகள் இரண்டிரண்டாக அணிவகுத்துக் கீழ்நோக்கிப் போகின்றன என்று கேள்விப்பட்டபோது அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை, எந்த வழியாக என்று கேட்டார்கள். நாளொன்றுக்கு மூன்று விரற்கடை நகர்கிறது என்று ஃபிட்டராக இருந்தவர் கணித்துச் சொன்னார். உச்சி வெயிலில் புள்ளிகள் நின்று இளைப்பாறுகின்றன என்று கண்டுபிடித்துப் பூவாத்தாளுக்கு நீர்மோர் கொண்டுவந்தார்கள். ஊர்வலத்துக்கு மோர் கொடுப்பது அவர்கள் வழக்கம். ரோந்து வந்த ஏட்டையா, அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டார். எல்லோரும் சிரித்த பிறகு தானும் சிரித்து ஒரு டம்ளர் மோர் குடித்தார். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று உண்டியலும் வேப்பிலையுமாக வந்த ஒருவரிடம், இது அம்மன் இல்லை, சங்கம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

மோர் கொண்டுவந்த கைகளில் பாதி, இத்தனை வருடமாக அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காத கைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குஷ்டம் என்று சொல்லிக் குடத்தை நகர்த்தி வைத்தவர்கள் அவர்கள். அப்போதெல்லாம் பூவாத்தாள் குரலை உயர்த்தாமல், "குஷ்டமில்லீங்க, புள்ளி" என்பாள், நோட்டீஸில் வந்த எழுத்துப் பிழையைத் திருத்துவது போலத் திருத்துவாள், மறுநாளும் திருத்துவாள்.

அந்தப் புள்ளிகள் வந்ததற்கு லைனில் ஒரு தேதி இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாதவர்களில் முதல் ஆள் நஞ்சம்மாள்.

வேலைநிறுத்தத்தின் முதல் அறுபது நாள், வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கி மில்லை ஓட்டப் பார்த்தது நிர்வாகம். சங்கத்தின் கண்காணிப்புக் குழு கேட்டில் நின்று ஒவ்வொரு லாரியையும் திருப்பி அனுப்பியது. கையில் கம்பில்லை, கல்லில்லை. தோளோடு தோள், அவ்வளவுதான். அதைப் போல ஒரு காவலை அந்த வட்டாரம் முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. பிறகு லாரிகள் நின்றன. காவல் நிற்கவில்லை. விழித்தே பழகிய கண்கள் எதிரில் ஆள் இல்லாதபோது பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தொடங்கின. பின்கேட் வழியாக யாராவது உள்ளே போய் வேலை பார்த்துவிட்டு வருகிறார்களா என்று கண்டுபிடிக்க அவர்களிடம் ஓர் அடையாளம் இருந்தது. மில்லுக்குள் ஒரு மணி நேரம் நின்றாலும் தலைமயிரில் பஞ்சு ஒட்டும். தலையில் பஞ்சு இருந்தால் கருங்காலி. எழுபத்தோராம் நாள் பூவாத்தாளின் தலையில் பஞ்சு இருந்தது.

நிறைமாதமாக இருந்த நஞ்சம்மாளின் பிரசவத்துக்கு வேண்டுமென்று, அன்று காலையெல்லாம் உட்கார்ந்து இலவம் பஞ்சு அடைத்துத் தலையணை தைத்துக் கொடுத்துவிட்டு அவள் குழாயடிக்கு வந்திருந்தாள். குழுவின் செயலாளர் ஆறுக்குட்டி, பஞ்சு பிரிக்கும் புளோரூமில் இருபது வருடம் நின்றவர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே கம்போடியாப் பஞ்சா வரலட்சுமிப் பஞ்சா என்று சொல்லிவிடுகிற விரல்கள் அவருக்கு. அன்று அவர் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். தொடவில்லை. சாயங்காலம் பூவாத்தாளின் வீட்டுச் சுவரில் கருங்காலி பூவாத்தாள் என்று தாரால் எழுதினார்கள். நஞ்சம்மாள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இலவம் பஞ்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் தார்ச்சட்டி தன் வீட்டுச் சுவருக்கும் வரும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் பூவாத்தாளின் காதுக்குப் பின்னால் முதல் புள்ளி வந்தது. ஒவ்வொரு தைக்கும் அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். ஒவ்வோர் ஆடிக்கும் தார் எழுத்து சுண்ணாம்பைத் தின்றுவிட்டு மேலே வந்து நிற்கும். நஞ்சம்மாள் அந்தத் தலையணையில்தான் இத்தனை வருடமும் தலை வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஊர்வலம் இடுப்பைக் கடந்து வலது தொடைக்குத் திரும்பியது. போகிற இடம் பாதமாகத்தான் இருக்க வேண்டும் என்று லைன் முடிவு செய்தது. நஞ்சம்மாள் பூவாத்தாளை உட்கார வைத்து அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள். குதிகாலில், ஓரம் கிழிந்த காகிதம் போல, ஒரு ரூபாய்க் காசின் அகலத்துக்குக் கருப்பாக ஒன்று இருந்தது. சுண்ணாம்பு அடிக்கும்போது சுவரிலிருந்து ஒட்டிய தார் என்று பூவாத்தாள் நினைத்திருந்தாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தாள். தார் போகாது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். அதனால் அது போகாததில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மெஹருன்னிசா என்ற சின்ன வயது டாக்டரம்மா அதைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பி, புற்று என்றார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பதையும் தடவிப் பார்த்தார். 'வெண்புள்ளிகள் முழங்காலை நெருங்கிக்கொண்டிருக்கின்றன' என்று சீட்டில் எழுதினார். கத்தி வைத்து அறுக்க நாள் கார்த்திகையில்தான் கிடைத்தது. ஏழையின் புற்றுக்கு வரிசையில் நிற்கத் தெரியும் என்று அரசாங்கம் நம்புகிறது. ஆனால் அந்த டாக்டரம்மா, கூட்டத்துக்கு நடுவில், இரண்டு பெண்களையும் உட்கார வைத்து, தெரிந்ததைச் சொல்லித்தருவதும் வைத்தியம்தான் என்று நினைக்கிற ஆளாக இருந்தார்.

ஆதியில் ஒவ்வொரு செல்லும் தனித்தனி ஆளாகத்தான் இருந்தது என்று அவர் தொடங்கினார். தின்றது, பெருகியது, யாருக்கும் பதில் சொல்லவில்லை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அவை கூடி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. ஒன்று தோலாகும், ஒன்று ரத்தமாகும், ஒன்று எலும்பாகும்; தன்னிஷ்டத்துக்கு யாரும் பெருகக் கூடாது; முறை வந்தால் தானே செத்து இடம் விட வேண்டும். கையெழுத்தில்லாத, முத்திரைத் தாளில்லாத அந்தப் பழைய ஒப்பந்தத்துக்குத்தான் உடம்பு என்று பெயர். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆதிக்காலத்துக்குத் திரும்பிய செல்தான் புற்று. அது வெளியாள் அல்ல; இதே வீட்டில் பிறந்து இதே அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பது. அதனால்தான் நோயைத் தடுக்கிற உடம்பின் காவலுக்கு அதைப் பிடிப்பது கஷ்டம்.

பூவாத்தாள் யோசித்துவிட்டு, "அந்த ஒப்பந்தத்த மூணு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கோணுங்களா?" என்று கேட்டாள்.

"தினமும் புதுப்பிக்கிறாங்கம்மா. உங்களுக்குள்ள இப்பவும் புதுப்பிச்சுட்டுத்தான் இருக்காங்க."

புற்றைத் தேடிப் போகிற இந்தப் புள்ளிகள்தான் அந்தக் காவல் என்றால் அது தன்னை ஏன் முதலில் கடித்தது என்று பூவாத்தாள் கேட்டாள். தோலுக்குச் சாயம் ஏற்றுகிற செல்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, அந்தத் தொழிலாளிகளைத்தான் உங்கள் காவல் தப்பாகக் கடித்து வெள்ளையாக்கியது என்றார் டாக்டரம்மா. இன்றைக்குக் காலில் கெட்டுப்போயிருப்பதும் அதே சாயக் கூட்டத்தில் ஒருவன். ஆகவே அன்று தப்பாகப் பட்ட பல்லுக்கு இன்று சரியான வேலை வந்திருக்கிறது. இந்த ஊரில் பிளேக் வந்த காலத்திலும், அதற்கு முன் வந்த எத்தனையோ கொள்ளைநோயிலும், மெத்தனமான காவல் உள்ளவர்கள் பிள்ளை பெறுவதற்கு முன்பே போய்விட்டார்கள். மிஞ்சியது மூர்க்கமான காவல் உள்ளவர்கள். நாமெல்லாம் அவர்களுடைய வாரிசுகள். காப்பாற்றிய அந்த மூர்க்கம்தான் சில சமயம் சொந்த வீட்டையும் கடிக்கிறது. முழுக்கச் சாந்தப்படுத்தினால் திருடனும் தப்பித்துவிடுவான். நடுவில் ஓர் இடத்தில் அதைக் கச்சிதமாக நிறுத்த எந்தத் தலைமுறைக்கும் கைவரவில்லை.

"அதுவும் காவலாளிங்க முகத்தைப் பாக்கறதில்லம்மா. ஏதோ ஒரு துணுக்கு அடையாளத்தை வெச்சுத்தான் முடிவு பண்றாங்க."

"தலையில ஒட்டின பஞ்சு மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான்" என்றார் டாக்டரம்மா, எதற்குச் சொல்கிறாள் என்று தெரியாமலேயே. நஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது பூவாத்தாள் சிரித்தாள். "கருங்காலின்னு செவுத்துல எழுதினாங்க. எழுதினது கால்லயே எறங்கிருச்சு பாரு."

புரட்டாசி முதல் வாரத்தில் ஊர்வலம் குதிகாலை அடைந்து முற்றுகையிட்டது. அந்த முற்றுகையை லைன் முழுவதும் வந்து பார்த்தது. பூவாத்தாள் காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, நிலவரம் சொல்லிக்கொண்டு போவார்கள். கருப்பு லேசுப்பட்ட எதிரியாக இல்லை. சுலபமாகப் பிடிபடக்கூடியவை செத்தன. பிடிபடாத தந்திரசாலிகள் தங்கிப் பெருகி, முன்னதைவிடத் தந்திரமான பிள்ளைகளைப் பெற்றன. ஒரு துண்டு தன் கருப்பையே உதறிவிட்டு, சங்க பேட்ஜ் குத்திக்கொண்டு கூட்டத்தில் நுழைகிற ஒற்றனைப் போல, தோல் நிறத்தில் பதுங்கியது. வெள்ளை இரண்டு நாள் தடுமாறியது, பிறகு அதையும் கற்றுக்கொண்டது. தலைவர் இல்லை, மேடை இல்லை, பேப்பரில் படம் வருமா என்ற கவலை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் பேர், ஒருவர் விழுந்த இடத்தில் இன்னொருவர் நின்று, ஒரு படிக்கட்டு கூட்டுகிற பெண்ணின் குதிகாலுக்காகப் போராடினார்கள். எத்தனையோ போராட்டங்களைப் பார்த்த அந்தக் கிழட்டுக் கண்கள் அதைப் பார்த்துக் கலங்கின. முற்றுகையின் இருபதாம் நாள் கருப்பு காய்ந்த பொருக்காக உதிர்ந்தது. இடுக்கில் கட்டியிருந்த நெறியும் கரைந்தது. லைனில் வீட்டுக்கு வீடு கடலை மிட்டாய் கொடுத்தார்கள்.

மறுநாள் வெண்புள்ளிகள் கலையவில்லை. திரும்பி மேலே ஏறத் தொடங்கின.

இந்த முறை அணிவகுப்பு இல்லை. வழியில் பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஏறின. பூவாத்தாளின் தலைமயிர் ஒரே நாளில் வெளுத்தது, இமைமயிரும் வெளுத்தது, முழங்கால்கள் வீங்கின, விரல்கள் மடங்க மறுத்து அவளால் துடைப்பத்தைப் பிடிக்க முடியவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரம்மா முகத்தை மறைத்துக்கொள்ளத் தெரியாதவர். இவர்களை மருந்து போட்டு முழுக்க அடக்கினால் கருப்பு மறுபடி தலை தூக்கலாம் என்றார். அடக்காமல் விட்டால், என்று தொடங்கி, அதை முடிக்கவில்லை. கிளப்பிவிடுவது சுலபம், நிறுத்துவதுதான் வித்தை என்றார். கொஞ்சமாக மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் பார்க்கலாம் என்று அனுப்பினார்.

நஞ்சம்மாள் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள். நான்காம் நாள், கஞ்சி வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டு, பூவாத்தாள் கண்ணை மூடியபடி சொன்னாள்: "இவங்க மேல தப்பில்ல புள்ள. முடிஞ்சுதுன்னு இவங்களுக்கு யாரும் சொல்லல."

அதைக் கேட்டதும் நஞ்சம்மாளுக்கு விளங்கியது. அவர்கள் சங்கத்தில் நன்றியுரை இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை. மழை கொட்டினாலும், மைக் செத்தாலும், ஒருவர் எழுந்து வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி, கூட்டம் கலைகிறது என்று சொல்லும் வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தக் கடைசி வேலைநிறுத்தத்துக்கு மட்டும் நன்றியுரை இல்லை. தலைவர் கோர்ட் காகிதத்தைப் படித்தார், மடித்தார், காரில் ஏறிப் போய்விட்டார். கண்காணிப்புக் குழுவை யாரும் கலைக்கவில்லை. அதனால்தான் எழுபத்தைந்து வயதிலும் ஆறுக்குட்டி தினமும் நாலு மணிக்கு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கு, அடுக்குமாடியின் கேட்டில் வந்து நின்று, கணினி வேலைக்குப் போய் வருகிறவர்களின் தலைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டிக்காரர்கள் அவருக்கு நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்ததில்லை.

நஞ்சம்மாள் தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கே போனாள். வந்து நன்றியுரை சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் கேட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "கருங்காலிக்கு நன்றியுரை சொல்ற பழக்கம் நம்ம சங்கத்துல இல்லீங்கம்மா" என்றார்.

நஞ்சம்மாள் பல்லால் தையலைக் கடித்துப் பிரித்தாள். "கையை உள்ள உடுங்க தோழர். கண்ண மூடிட்டுச் சொல்லுங்க, இது என்ன பஞ்சு."

பஞ்சு என்றதும் அந்தக் கை தானாகவே போனது. கிழவரின் விரல்கள் உள்ளே ஒரு முறை திரண்டன, பிரிந்தன, மறுபடி திரண்டன.

"இலவம்."

"எழுவத்தொண்ணாம் நாளு அவ தலையில இருந்தது இதுதானுங்க. என்ற பிரசவத்துக்கு அடைச்சது. நானும் அன்னிக்கு வாயத் தொறக்கல. உங்கள மட்டும் சொல்லி என்ன பண்றது."

அவர் கையை எடுக்கவில்லை. தலையணைக்குள் கையை விட்டபடியே, யாரோ உள்ளே அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டது போல, வெகுநேரம் நின்றார். பிறகு செக்யூரிட்டி போட்டிருந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தார். காற்றில் பறந்த பஞ்சு அவர் தலையில் ஒட்டியிருந்தது. அந்தத் தலையோடுதான் அவர் நஞ்சம்மாளின் பின்னால் லைன் முழுவதும் நடந்து வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் தார்ச்சட்டியைத் தேடவில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்குப் பூவாத்தாளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி லைனின் நடுவில் வைத்தார்கள். பழைய தொழிலாளிகள் பிரிவு பிரிவாகத் தரையில் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆறுக்குட்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். பழக்கத்தை விடாமல், பாதுகாப்புக் கொடுத்த காவல்துறைக்கும், மோர் கொடுத்த பெண்களுக்கும் நன்றி சொன்னார். பிறகு கட்டிலுக்கு அருகே வந்து, காதோரம் இருந்து கிளம்பிய தோழர்களுக்கு, முழங்கையில் இருந்து கிளம்பிய தோழர்களுக்கு, முற்றுகையில் விழுந்து பெயர் தெரியாமல் போன தோழர்களுக்கு என்று ஒவ்வொருவராக நன்றி சொன்னார். நீங்கள் வந்த வேலை முடிந்தது, ஜெயித்துவிட்டீர்கள், அதை உங்களிடம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் போனது எங்கள் குற்றம் என்றார். குரல் பழைய கேட் கூட்டத்துக் குரலாகவே இருந்தது.

நன்றியுரையில் கடைசியாக நன்றி சொல்ல வேண்டியது யாருக்கு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"இந்தக் கூட்டம் நடக்க இடம் தந்து உதவிய தோழர் பூவாத்தாள் அவர்களுக்கு" என்றார், நின்றார், மறுபடி தொடங்கினார். "தோழர் பூவாத்தாள் அவர்களுக்கு. அன்னைக்கு அவங்க தலையில இருந்தது இலவம் பஞ்சு. பார்த்தவன் நான். தொட்டுப் பார்க்காதவனும் நான். அவங்களுக்கு நம்ம சங்கத்தின் நன்றி. கூட்டம் இத்துடன் கலைகிறது."

முதலில் நெற்றியில் இருந்த வெள்ளை எழுந்தது. பிறகு முழங்காலில் இருந்தவை. கூட்டம் விட்டால் ஆட்கள் பேசிக்கொண்டே சாவகாசமாகப் போவார்களே, அப்படி, அவசரமில்லாமல், தத்தம் பழைய இடங்களுக்குத் திரும்பின: காதுக்குப் பின்னால் ஒன்று, முழங்கையில் இரண்டு. பூவாத்தாள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. டாக்டரம்மா சீட்டை எடுத்து 'கலைந்தன' என்று எழுதினார்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்பதையும் கீழே எழுதி அடிக்கோடிட்டார்.

ஐப்பசியில் ஆறுக்குட்டி ஓர் உளியோடு வந்து சுவரில் இருந்த தாரைச் சுரண்டத் தொடங்கினார். எட்டு நாள் சுரண்டினார். முதல் வார்த்தை போனதும் போதும் என்று பூவாத்தாள் நிறுத்திவிட்டாள். பெயர் இருக்கட்டும், தபால்காரருக்கு உதவும் என்றாள். கையில் படிந்த தாரை அவர் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் குதிகால் அவர் கண்ணில் பட்டது. கருப்பு இருந்த இடத்தில், எள்ளளவுக்கு, ஒரே ஒரு வெண்புள்ளி நின்றுகொண்டிருந்தது.

அவர் முகம் மாறியது. "இது ஏன் போகல? நான் நன்றியுரை சரியாத்தான சொன்னேன்?"

"எல்லாருமே கலைஞ்சுட்டா எப்புடீங்க தோழர்? ஒருத்தராச்சும் கேட்டுல நிக்கோணுமில்ல."

நஞ்சம்மாள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்த தலையணையைத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்துவிட்டு, ஊதிப் பறக்க விட்டாள்.

"ஆனா பாத்தா மட்டும் பத்தாது, தொட்டும் பாருன்னு அந்தப் புள்ளிகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்" என்றாள்.